அந்த மலையில் தெரிவது புகையா?

மார்கழி விடியற்காலையில் திருப்பதி அலிபிரி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், சேஷாசல மலையின் பாறை விளிம்பு பாதிதான் தெரியும். மீதியை வெள்ளையாக ஏதோ ஒன்று மூடியிருக்கும். படியேறக் காத்திருக்கும் கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பனிதான் என்று எல்லோருக்கும் தெரியும். பங்குனி வெயிலில் அதே இடத்தில் நின்று, அதே விளிம்பில் அதே போன்ற வெளுப்பைக் கண்டால் மனசு வேறு பக்கம் ஓடும். 2014 மார்ச்சில் இந்தக் காடு பற்றி எரிந்தபோது, அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. கீழே ஊரில் நிற்பவருக்குத் தீ கண்ணில் படவேண்டும் என்பதில்லை. புகை போதும்.

கண்ணில் பட்டது புகை. மனசு முடிவு கட்டியது நெருப்பு. பார்க்காத ஒன்றைப் பற்றி, பார்த்ததை வைத்து, இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறோம்? பாதி நொடியில் மண்டைக்குள் நடந்துவிடும் இந்தத் தாவலுக்குப் பெயர் அனுமானம். தமிழ்ச் சைவ நூல்கள் இதைக் கருதல் அளவை என்கின்றன. அளவை என்றால் அறிவைப் பெறும் வழி. இந்திய தர்க்க நூல்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்குச் சொல்லிவரும் உதாரணம் ஒன்றுதான்: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இந்தப் பாடத்தை நடத்துகிறார்கள். திருப்பதியில் மட்டும் மாணவர் ஜன்னலைத் திறந்தால் உதாரணமே எதிரில் நிற்கிறது.

இந்தக் கேள்விக்குள் நுழைய அந்த ஊரில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, 1954ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய கே.சி. வரதாச்சாரி அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர். ராமானுஜரின் அறிவுக் கொள்கையைப் பற்றிய அவருடைய நூல் 1943லேயே தேவஸ்தான அச்சகத்தில் வந்தது. மற்றொன்று, 1961ல் வித்யாபீடமாகத் தொடங்கி, 2020 முதல் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனம். அங்கே நியாயம் என்ற தர்க்க மரபு, மீமாம்சை, அத்வைதம், விசிஷ்டாத்வைதம் எல்லாம் தனித்தனிப் பாடங்கள். இளங்கலைப் பட்டத்துக்கு அங்கே சாஸ்திரி என்று பெயர். ஒரு வாசலில் பிளேட்டோவும் டேகார்ட்டும் காண்ட்டும் வரவேற்பார்கள். மற்றதில் நியாய சூத்திரம் செய்த கௌதமரும் உதயனரும் அன்னம்பட்டரும். பதினெட்டு வயதில் ஒரு வாசல் வழியே உள்ளே போகிறவருக்கு, மற்ற வாசலும் இதே கூடத்துக்குத்தான் திறக்கிறது என்பது தெரிவதற்குள் பல வருஷம் ஆகிவிடுகிறது.

இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று.

இலவசமாக வந்த மூன்று புத்தகங்கள்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியில் பிறந்தார். அப்போது அது வட ஆற்காடு ஜில்லா. 1911ல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1960ல் எல்லை மாற்றி வரைந்தபோது சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் நகரவில்லை, மேலே இருந்த பெயர்ப் பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. தெலுங்கு பேசும் எளிய குடும்பம். எட்டு வயதில் பையனைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். 1896 முதல் 1900 வரை, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் படித்தார். அதன் பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இன்று தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பி.ஏ.வுக்கு எந்தப் பாடம் எடுப்பது என்று அவருக்கு நிச்சயமில்லை. அந்த வருஷம் உறவினர் ஒருவர் படிப்பை முடித்துத் தம் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஸ்டவுட்டின் உளவியல், வெல்டனின் தர்க்கம், மெக்கன்ஸியின் அறவியல். மூன்றும் தத்துவ வகுப்புப் புத்தகங்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை என்றானது, பாடமும் முடிவாகிவிட்டது. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். இந்தியத் தத்துவத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் என்று பெயர் வாங்கியவரின் தொடக்கம் இதுதான். அந்த மூன்றில் ஒன்றுகூட இந்தியத் தத்துவம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றைய பி.ஏ. பாடத்திட்டம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. திருத்தணிப் பையன் தர்க்கத்தை அரிஸ்டாட்டிலின் வழியில்தான் கற்றார்.

வகுப்பில் மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின் மீது விமரிசனங்கள் வைத்தார்கள். உலகம் மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் நல்லது கெட்டது என்ற பேச்சுக்கு இடம் ஏது என்பது அவற்றில் ஒன்று. இளைஞருக்கு அது குத்தியது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை, படிக்க உட்கார்ந்தார். வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியே எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். அது 1908ல் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 20. தம் ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாரோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஹாக் இறையியல் அறிந்தவர், கர்மக் கொள்கையைக் கடுமையாகச் சோதித்து எழுதியவர். அந்த ஹாக் ஆய்வுரையைப் பாராட்டிச் சான்று கொடுத்தார். எதிர்க் கட்சியில் நிற்கும் மாணவனின் வாதத்தை அதன் தரத்துக்காக மதித்த ஆசிரியர் அவர். தத்துவ வகுப்பறை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துச் சித்தூரின் கட்டமஞ்சியில் 1880ல் பிறந்த சி.ஆர். ரெட்டியும் இதே கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர். 1926ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர். அவருக்குப் பின் 1931ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ராதாகிருஷ்ணன். இரண்டு பேரும் ஒரு மொழியைத் தெருவிலும் இன்னொன்றைப் புத்தகத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஐந்து வரிப் பேச்சு

ராதாகிருஷ்ணனின் பி.ஏ. மேசையில் இல்லாமல் போன புத்தகம் எது? அதைச் சொல்லிவிட்டால் கதை தெளிவாகும். ஆந்திர தேசத்திலிருந்து காசிக்குப் போய் வாழ்ந்த அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய 'தர்க்கசங்கிரகம்'. மிகச் சிறிய நூல். இளம் மாணவர்களுக்கு எளிதில் புரியவேண்டும் என்பதற்காகவே எழுதியதாக ஆசிரியரே தொடக்கத்தில் அறிவிக்கிறார். அந்தக் கால இளங்கலைப் பாடநூல் என்றே சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் இதையும் இதன் உரையையும் தமிழில் பெயர்த்தார். 1932ல் சென்னையில் குப்புசாமி சாஸ்திரி இதை வைத்தே ஆங்கிலத்தில் ஒரு தர்க்கப் பாலபாடம் எழுதினார். ஆந்திரரின் நூல் காசியில் பிறந்து, காவிரிக் கரையில் தமிழாகி, சென்னைக் கல்லூரி மாணவரின் கைக்கு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது.

அனுமானம் இரண்டு வகை என்கிறது அந்த நூல். ஒன்று தனக்காக, மற்றொன்று பிறருக்காக. தனக்காக அனுமானிப்பவர் பேச வேண்டியதில்லை. வீட்டு அடுக்களையில் பலமுறை புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மலைப் பக்கம் போகிறார். புகையைக் காண்கிறார். பழைய சேர்க்கை ஞாபகம் வருகிறது. நெருப்போடு எப்போதும் சேர்ந்திருக்கும் அந்தப் புகைதான் இந்த மலையிலும் இருக்கிறது என்று இரண்டும் மனசில் ஒன்றாகக் கூடுகின்றன. அந்தக் கூடலுக்குப் பெயர் பராமரிசம். அடுத்த கணம், மலையில் நெருப்பு என்ற அறிவு பிறக்கிறது. பாதி நொடித் தாவலைப் பிரித்து, அதன் பற்சக்கரங்களைத் தனித்தனியாக எடுத்து வைத்துக் காட்டுகிறார் அன்னம்பட்டர்.

பிறருக்காக என்றால் ஐந்து வாக்கியம் வேண்டும். அதைச் சூத்திரமாகப் படித்தால் அலுப்பாக இருக்கும். அலிபிரியில் நிற்கும் இரண்டு மாணவர்கள் வாயில் போட்டுப் பாருங்கள்.

"மேலே தீப்பிடிச்சிருக்குடா."

"எப்படிச் சொல்றே?"

"புகை தெரியுதே."

"புகை தெரிஞ்சா?"

"புகை இருந்தா நெருப்பு இருக்கும்டா. உங்க ஆயா வீட்டு விறகடுப்பைப் பார்த்ததே இல்லையா?"

"அது அடுப்பு. இது மலை."

"அந்த மாதிரிப் புகைதான் அங்கேயும் வருது, பார்."

"சரி, அதனால?"

"அதனாலதான் சொல்றேன், தீப்பிடிச்சிருக்கு."

முதல் மாணவன் பேசிய ஐந்தும்தான் அந்த ஐந்து உறுப்புகள்: மேற்கோள் (கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு, உபநயம் (பொருத்திக் காட்டுதல்), நிகமனம் (முடிவு). முதலாவதைத் தவிர ஒவ்வொன்றும் கேட்பவனின் ஒரு கேள்விக்குப் பதில். முதலும் கடைசியும் ஒரே வாக்கியம்போலத் தெரிந்தாலும் இடையில் அவன் மனசு நகர்ந்திருக்கிறது. முதலில் அது வெறும் கூற்று, கடைசியில் நிலைநாட்டப்பட்ட முடிவு.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. கூலவாணிகன் சாத்தனாரின் 'மணிமேகலை'யில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கும் காதை இதே ஐந்து உறுப்புகளைச் சொல்கிறது. மலை, புகை, அடுக்களை எல்லாம் அதிலும் உண்டு. காப்பியத்துக்குள் ஒரு பெண்ணை உட்காரவைத்து, போலி ஏதுக்களின் வகைகள் வரை ஒரு முழுத் தர்க்கப் பாடம் நடத்தியிருக்கிறது நம் மொழி.

இப்போது ராதாகிருஷ்ணன் படித்த பக்கத்துக்கு வருவோம். அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அமைத்த தர்க்கம் மூன்று வரியில் முடியும். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடம். அந்த மலை புகையுள்ள இடம். ஆகவே அந்த மலை நெருப்புள்ள இடம். அடுக்களை இல்லை, ஆயா வீடும் இல்லை. அரிஸ்டாட்டில் இன்னொரு பெரிய காரியம் செய்தார். சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்துகளை வைத்தார். புகைக்குப் பதில் ஓர் எழுத்து, நெருப்புக்குப் பதில் இன்னொன்று. உள்ளே எதைப் போட்டாலும் அச்சு சரியாக இருந்தால் வாதம் செல்லும். கிளிகள் எல்லாம் இட்லி தின்னும், என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிளி, ஆகவே அவர் இட்லி தின்பார். அச்சைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் இல்லை. பேசப்படும் பொருளிலிருந்து வாதத்தின் எலும்புக்கூட்டைப் பிரித்தெடுக்கலாம் என்ற இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து நீண்ட பாதை ஒன்று கிளம்புகிறது. இன்று நம் கைப்பேசிக்குள் ஓடும் தர்க்கம் வரை அது வருகிறது.

1824ல் கோல்புரூக் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தியத் தர்க்கத்தை லண்டன் அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது, மூன்றில் முடிவதற்கு ஐந்து எதற்கு என்று பலர் நினைத்தார்கள். வளவளப்பு என்று சிலருக்குத் தோன்றியது. மூன்று பெரிதா ஐந்து பெரிதா என்று பார்ப்பதே தவறான அளவுகோல். அரிஸ்டாட்டில் வாதத்தின் அச்சைப் பிரித்துக் காட்டினார். நியாயம் ஒரு மனிதருக்குள் அறிவு பிறக்கும் வழியைக் காட்டியது. கிளி வாதத்தை நியாய ஆசிரியர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். கிளிகள் இட்லி தின்றதை எங்கே கண்டாய், எடுத்துக்காட்டு எங்கே என்பார். பொய்யிலிருந்து கிளம்பும் வாதம் அவருக்கு வாதமே அல்ல, போலி ஏது. தர்க்கசங்கிரகம் அப்படிப்பட்ட போலிகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஈர விறகு

புகை இருந்தால் நெருப்பு உண்டு. திருப்பிச் சொல்லலாமா? நெருப்பு இருந்தால் புகை உண்டா?

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு உடனே விடை தெரியும். காய்ந்த சவுக்கு விறகு நன்றாகப் பிடித்துக்கொண்டால் புகையே இருக்காது. மழையில் நனைந்த விறகை வைத்தால் கண் எரியும். கொல்லர் பட்டறையில் செக்கச் சிவந்த இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. தர்க்க நூல்கள் இந்தப் பழுத்த இரும்பையே காட்டுகின்றன. நெருப்பைப் புகையோடு சேர்ப்பது ஈர விறகு என்ற மறைந்திருக்கும் நிபந்தனை. அதற்கு உபாதி என்று பெயர். இரண்டு பொருள்கள் சேர்ந்தே வருவதைக் கண்டால் உடனே நம்பாதே, நடுவில் ஈர விறகு ஒளிந்திருக்கிறதா என்று பார் என்பது அதன் பாடம். மருத்துவ ஆய்வாளரும் பொருளாதார ஆய்வாளரும் இன்று தினமும் இதே தேடலைத்தான் செய்கிறார்கள். இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுவதைப் பார்த்ததும் மூன்றாவது காரணம் ஒன்று பின்னால் நிற்கிறதா என்று தேடுவது, அடுக்களையிலிருந்து கிடைத்த இந்த எச்சரிக்கையின் இன்றைய வடிவம்.

எவ்வளவு தேடினாலும் எல்லா அடுக்களைகளையும் எல்லா மலைகளையும் யாராலும் பார்க்க முடியாது. நாளைக்கு எரியப்போகும் அடுப்பை இன்றைக்கே பார்க்கவும் முடியாது. அப்படியிருக்க, புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? இதை இங்கே கேட்டவர்கள் சார்வாகர்கள். கண்ணால் காண்பது மட்டுமே அளவை, அனுமானம் நம்பத்தக்கதல்ல என்றார்கள். ஸ்காட்லாந்தில் டேவிட் ஹ்யூம் 1739ல் வெளிவந்த நூலில் ஏறத்தாழ இதே கேள்வியை எழுப்பினார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு எந்த நிரூபணமும் இல்லை, பழக்கம்தான் நம்மை அப்படி நம்பவைக்கிறது என்றார். அந்தக் கேள்வி காண்ட்டை உலுக்கியது. இன்றுவரை மேற்கத்திய வகுப்பறையை அது விடவில்லை.

சார்வாகருக்குப் பதில் சொன்னவர்களில் உதயனர் என்ற நியாய ஆசிரியர் முக்கியமானவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர். சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு, உன் செயல் உன் சந்தேகத்தோடு மோதும் இடத்தில் அது நிற்கும் என்கிறார். புகைக்கு நெருப்பு காரணமா என்று நிஜமாகவே உனக்குச் சந்தேகம் என்றால், சாம்பிராணிப் புகை போட நீ ஏன் கனலைத் தேடிப் போகிறாய்? சாம்பிராணி என் உதாரணம், வாதம் அவருடையது. ஹ்யூமும் தம் அறையை விட்டு வெளியே வந்து நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்ததும் சந்தேகங்கள் கலைந்துபோவதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவருக்கு அது மனித இயல்பின் பலவீனம். உதயனருக்கோ அதுவே வாதத்தின் கடைசிச் சொல். இரண்டு பேரும் ஒரே வாசல்படியில்தான் நிற்கிறார்கள், ஒருவர் வெளியே பார்த்தபடி, மற்றவர் உள்ளே பார்த்தபடி.

பனிக்குப் பின்னால் நெருப்பு

இனி அந்த மார்கழிப் பனிக்குத் திரும்பலாம். இந்தப் படிப்பு முழுவதிலும் என்னை மிகவும் வியக்கவைத்த பகுதி இது.

அடிவாரத்தில் நிற்கும் ஒருவர் பனியைப் புகை என்று நினைத்துவிடுகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்கிறார். தற்செயலாக அந்த விளிம்புக்குப் பின்னால் யாரோ குளிர் காயச் சருகு மூட்டியிருக்கிறார்கள். நெருப்பு நிஜமாகவே இருக்கிறது. அவர் நம்பியது உண்மை. அவருக்குக் காரணமும் இருந்தது. ஆனால் மலையில் நெருப்பு இருப்பது அவருக்குத் தெரியும் என்று சொல்வீர்களா?

சொல்லத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தில்தான் இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தின் பெரிய புயல் ஒன்று உருவானது. காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற எண்ணம் பிளேட்டோ காலத்திலிருந்து மேற்கில் பழகிப்போன ஒன்று. 1963ல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்க ஆசிரியர் மூன்றே பக்கக் கட்டுரையில் அதைச் சாய்த்தார். உண்மையும் இருந்து, காரணமும் இருந்து, வெறும் அதிர்ஷ்டத்தால் சரியாகப் போன உதாரணங்களை அவர் காட்டினார். அந்த மூன்று பக்கத்துக்குப் பதிலாக உலகம் முழுவதும் எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும்.

கெட்டியருக்குச் சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன், 8ஆம் நூற்றாண்டில், தர்மோத்தரர் என்ற பௌத்த ஆசிரியர் ஒரு காட்சியைச் சொன்னார். ஒருவர் இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டுகிறார், புகை இன்னும் எழவில்லை. வாடைக்கு ஈக்கூட்டம் மொய்க்கிறது. தொலைவில் நிற்பவர் அந்தக் கருப்பு மொய்ப்பைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறார். அவர் சொன்னது சரி, ஆனால் அது அறிவல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் என்ற வேதாந்தியும், தப்பாகக் கண்ட புகையிலிருந்து தற்செயலாகச் சரியாகப் போகும் அனுமானத்தைப் பேசுகிறார். அறிவுக்கு யார் இலக்கணம் வகுத்தாலும் அதில் ஓட்டை காட்டுவது அவருடைய வேலையாக இருந்தது.

நியாய மரபு இதற்குச் சொல்லும் விடை எளிமையானது, ஆழமானதும் கூட. முடிவு சரியா என்று மட்டும் பார்க்காதே, அது எந்த வழியில் பிறந்தது என்று பார். சரியான அளவையிலிருந்து பிறந்தால்தான் அது உண்மையறிவு. பனியிலிருந்து பிறந்த நெருப்பறிவு நல்ல குடும்பத்தில் பிறக்கவில்லை. கெட்டியருக்குப் பின் 1967ல் ஆல்வின் கோல்ட்மன் என்ற அமெரிக்கர், அறிவைத் தீர்மானிப்பது அதன் காரணத் தொடர்தான் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு, நூற்றாண்டுகளைத் தாண்டி இரண்டு பேர் ஒரே அறையில் பேசிக்கொள்வதைக் கேட்பதுபோல இருக்கும்.

அவசரம் என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. நம்மவர் முன்னமே சொல்லிவிட்டார் என்று மார்தட்டிப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். அப்படி மூடிவிட்டால் படிப்பும் அங்கேயே நின்றுவிடும்.

சித்தூர் பக்கத்து மக்களிடம் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இன்னொரு மொழி என்று வாழ்கிறவர்கள் ஏராளம். தமிழில் புகை, தெலுங்கில் பொக. தமிழில் நெருப்பு, தெலுங்கில் நிப்பு. சொற்கள் உடன்பிறந்தவை. மலைக்கு வந்தால் தெலுங்கு கொண்ட என்கிறது, ஒட்டவில்லை. அதோடு முடியவில்லை. தெலுங்கர் ஒருவர் அவசரம் லேது என்றால் தமிழர் காதில் விழுவது அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்பது. அவர் சொன்னது தேவையில்லை என்று. ஒரே ஒலி, ஒரே சம்ஸ்கிருத மூலம், பொருள் வேறு. மெதுவாகச் செய்யலாம் என்று நினைத்தவர், வேண்டவே வேண்டாம் என்று சொல்லப்பட்ட வேலையைச் சாவகாசமாகச் செய்து முடிப்பார்.

தத்துவத்தில் அவசரம் போன்ற சொற்கள் நிறைய. நியாயத்தில் ஞானம் என்பது கணத்தில் தோன்றி மறையும் ஓர் உணர்வு நிகழ்ச்சி. அது தப்பாகவும் இருக்கலாம். கயிற்றைப் பாம்பு என்று கண்டதும் ஞானம்தான். சரியான ஞானத்துக்குத் தனிப் பெயர், பிரமா. கெட்டியர் பேசும் நம்பிக்கையோ மனசில் நீண்டு நிலைத்திருப்பது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு தர்மோத்தரரும் கெட்டியரும் ஒன்றையே சொன்னார்கள் என்பது, தெலுங்கு அவசரத்தைத் தமிழ் அவசரமாகக் கேட்பது. ஆத்மாவை ஆங்கிலத்தில் சொல்லும்போதும், தர்மத்தை அறவியல் என்னும்போதும் இதே ஆபத்து இருக்கிறது.

ராதாகிருஷ்ணன் தலைமுறையின் பெருமையும் எல்லையும் இங்கேதான். அவருடைய 'இந்தியத் தத்துவம்' 1923லும் 1927லும் இரண்டு பாகமாக வந்து, ஐரோப்பியத் தத்துவத்துக்குச் சமமாக நம்முடையதும் பேசப்படவேண்டும் என்ற இடத்தைப் பெற்றுத் தந்தது. 1936ல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவியை ஏற்ற முதல் மனிதர் அவர். அவர் மொழியில் சங்கரர் பல இடங்களில் ஐரோப்பியக் கருத்துமுதல்வாதியின் குரலில் பேசுகிறார். தமக்குக் கிடைத்த முதல் மூன்று புத்தகங்களின் மொழியில்தான் அவரால் தம் வீட்டைப் பற்றிச் சொல்ல முடிந்தது.

பின்னாளில் அதே பதவியில் அமர்ந்தவர் பிமல் கிருஷ்ண மதிலால். வங்காளத்தில் பண்டிதர்களிடம் நியாயம் கற்று, பிறகு ஹார்வர்டு போய்க் குவைனிடம் நவீனத் தர்க்கம் படித்தவர். 1970களின் பிற்பாதியிலிருந்து 1991ல் மறையும் வரை அங்கே இருந்தார். நியாயத்தின் மிக நுட்பமான வாதங்களை ஆன்மிகப் போர்வை போர்த்தாமல் தர்க்கமாகவே மேற்கத்திய அறிஞர் முன் வைத்தார். தர்மோத்தரரையும் ஸ்ரீஹர்ஷரையும் இன்று கெட்டியர் பேச்சில் குறிப்பிடுகிறார்கள் என்றால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் ஒரு வாசலில் நுழைந்து மற்றதைத் தேடிப் போனார். மதிலால் இரண்டு வாசல் சாவியையும் மாணவப் பருவத்திலேயே கையில் வைத்திருந்தார்.

அதனால்தான் இளங்கலையிலேயே இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லப் பதினெட்டு வயதில் யாருக்கும் அவசியமில்லை. ஆனால் காது திறக்கும் வயது அதுதான். அந்த வயதில் ஒரே ஓசையைக் கேட்டுப் பழகிவிட்டால், பிறகு கேட்கும் எல்லாவற்றையும் அதில்தான் மொழிபெயர்ப்போம்.

துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் 1962 ஜனவரியில் திருப்பதிக்கு வந்து சம்ஸ்கிருத வித்யாபீடத்துக்கு அடிக்கல் நாட்டினார். எட்டு வயதில் மிஷன் பள்ளிக்குப் போன அதே ஊர். அவர் இளமையில் நுழையாத வாசலுக்கு, அவர் கையாலேயே கல் வைக்கப்பட்டது.

நியாய சூத்திரத்துக்குப் பழைய உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஒரே நெருப்பை மூன்று வழியில் அறியும் ஒருவரைக் காட்டுகிறார். முதலில், நம்பத்தக்கவர் ஒருவர் அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்லக் கேட்கிறார். நெருங்கிப் போகும்போது புகையைக் கண்டு தாமே அனுமானிக்கிறார். இன்னும் நெருங்கி நெருப்பைக் கண்ணால் காண்கிறார். அதற்குப் பிறகு அவருக்குக் கேட்க எதுவும் மீதியில்லை.

பி.ஏ. வகுப்பு இதில் முதல் படி. யாரோ சொல்வதைக் கேட்கிற இடம். உறவினர் கொடுத்த பழைய புத்தகமாக இருக்கலாம், சாத்தனாரின் காதையாக இருக்கலாம், மூன்று பக்க அமெரிக்கக் கட்டுரையாக இருக்கலாம். கேட்டதோடு நிற்காமல் எழுந்து நடந்தால் பாதி வழியில் வெள்ளையாக ஏதோ தெரியத் தொடங்கும். அலிபிரியிலிருந்து மேலே 3550 படிகள். அது புகையா பனியா என்பது, ஏறி நெருங்குகிறவருக்குத் தெரியும்.